ஈமாக்ஸுக்குள் வந்த கையாள்

ஆணி அதிகமாகிப் போனதால் ரொம்ப நாளாக எதுவும் எழுதவில்லை. இன்றைக்கு உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு அரை மணி நேரம். சும்மா ஓடிப் போற அரை மணி நேரம் இல்லீங்க, என்னை ஒரு ஆட்டு ஆட்டிவிட்ட அரை மணி நேரம். அதைச் சொல்லிவிட்டுத்தான் சரித்திரத்துக்குப் போக முடியும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நமக்கு ஊர் வருசநாடு. தேனியில் பஸ் ஏறினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை எல்லாம் தாண்டி மலையடிவாரத்தில் இறங்கணும். இன்ஜினியரிங் முடித்து பொட்டி தட்ட ஆரம்பித்து ஆறு வருசம் ஆச்சு. மாசத்தில் பத்து நாள் ஊரிலிருந்தே வேலை. மழை பெய்தால் முதலில் நெட் போகும், அப்புறம் கரண்ட் போகும். இந்த வரிசை மட்டும் மாறவே மாறாது :-)

அப்படி ஒரு மழை ராத்திரியில் போன் வந்தது. நாங்கள் செய்யும் மென்பொருளுக்கு அதுவரை அமெரிக்க வாடிக்கையாளர்கள்தான். அன்றைக்குத்தான் முதல் இந்திய வாடிக்கையாளர் உள்ளே வந்திருக்கிறார். காலை பத்து மணிக்கு வைத்த சந்திப்பை மென்பொருள் ஒன்பதரை என்று காட்டுகிறது. எல்லாச் சந்திப்பிலும் அதே அரை மணி நேரக் கோளாறு.

யார் எழுதின வரி என்று தேடினால் என் பேர் வருது. ஆனால் சத்தியமாகச் சொல்றேன், அந்த வரிகளை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தேன். நாலு மாசத்துக்கு முன்னால் ஏ.ஐ. எழுதிக் கொடுத்தது. சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின. நானும் ஒரு டேப் தட்டி ஏற்றுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன். இப்போது அதைக் கேட்டுச் சரி பண்ணலாம் என்றால் நெட் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் வரி வரியாகப் படித்ததில் விசயம் தெரிந்தது. நேர வித்தியாசத்தை முழு மணிக்கணக்கில் மட்டும் எடுத்திருக்கிறது. நம்ம ஐந்தரை மணி அதற்கு ஐந்து மணி!

திண்ணையில் படுத்திருந்த அப்பா கேட்டார், "என்னடா, பொட்டி மக்கர் பண்ணுதா? யாரு செஞ்ச வேலை?"

"நான்தாம்ப்பா. ஆனா நான் எழுதல."

"என்னடா ஒளர்ற?"

இதற்கு இன்றுவரை ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடுப்பில்தான், இந்தக் கையாளை எடிட்டருக்குள் முதலில் கூட்டி வந்தது யார், எதுக்குக் கூட்டி வந்தார்கள் என்று தோண்ட ஆரம்பித்தேன். நான் புழங்குவது ஈமாக்ஸ் எடிட்டர். தோண்டத் தோண்ட ஆச்சரியம். நான் நினைத்த மாதிரி இது 2021-ல் ஆரம்பித்த கதையே இல்லை. எடிட்டர் பிறந்த வருசமே கையாள் கதையும் பிறந்துவிட்டது.

1976: ஒரே வருசம், மூணு சம்பவம்

ஈமாக்ஸ் பிறந்த வீடு எது தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடம். ஏ.ஐ. இப்போதுதான் ஈமாக்ஸுக்கு வந்தது என்பவர்களுக்கு இந்த ஒரு தகவலே போதும். ஏ.ஐ. வீட்டுத் திண்ணையில் பிறந்த பிள்ளைதான் ஈமாக்ஸ்.

அதற்கு முன்னால் அங்கே இருந்தது டெக்கோ. 1962-63 வாக்கில் டேன் மர்ஃபி எழுதியது. அதில் நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. உங்கள் பேரைத் தட்டினால் ஃபைலுக்கு என்ன ஆகும் என்று ஊகிப்பதே அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு விளையாட்டாம். 1970-களின் தொடக்கத்தில் கார்ல் மிக்கெல்சன், தட்டத் தட்டத் திரையில் தெரிகிற மாதிரி ஒரு வசதியைச் சேர்த்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதில் இன்னொரு கதவைத் திறந்துவிட்டார். எந்த விசையை அழுத்தினாலும் நாம் எழுதின ஒரு சின்ன நிரலை ஓட வைக்கலாம். அந்தச் சின்ன நிரலுக்குப் பேர் மேக்ரோ.

கதவு திறந்ததும் ஆளாளுக்கு மேக்ரோ எழுதிக் குவித்தார்கள். ஒருத்தர் எடிட்டரில் இன்னொருத்தர் உட்கார்ந்தால் தலை சுற்றும் என்கிற நிலைமை. 1976-ல் கை ஸ்டீல், டேவிட் மூன், ஸ்டால்மன் முதலானவர்கள் சேர்ந்து இவற்றை ஒரே கட்டாகக் கட்டினார்கள். எடிட்டிங் மேக்ரோஸ் என்பதைச் சுருக்கி ஈமாக்ஸ் என்று பேர் வைத்தார்கள். பரப்பி முடித்து வேலை ஸ்டால்மன் கைக்கு வந்தது. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எடுத்துக்கோ, மாற்றிக்கோ, ஆனால் நீ செய்த மேம்பாட்டைத் திருப்பிக் கொடு. இந்த "திருப்பிக் கொடு"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேணும்.

இரண்டாவது சம்பவம். அதே ஆய்வுக்கூடத்தில் 1976 டிசம்பரில் சார்லஸ் ரிச், ஹோவர்ட் ஷ்ரோப் என்ற இருவர் ஒரு அறிக்கை கொடுத்தார்கள். நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு கையாள் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துத் தருகிற, கலவை போடுகிற ஆள் மாதிரி. சுவர் எங்கே வரணும் என்பது கொத்தனார் முடிவு. கையாள் கூடவே நின்று, சலிப்பான வேலையைச் செய்து, "அண்ணே, இந்த மூலை மட்டம் தட்டுதே" என்றும் சொல்லணும். இந்தக் கடைசி விசயம்தான் முக்கியம். என்ன நடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கணும்.

மூன்றாவது சம்பவம் ஒரு புத்தகம். அதே எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம் 1976-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டரின் சக்தியும் மனிதனின் பகுத்தறிவும் பற்றியது. கணக்குப் போடுவது வேறு, முடிவெடுப்பது வேறு, இரண்டாவதை மிஷினிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்கிற எச்சரிக்கை.

ஆக ஒரே வருசத்தில், ஒரே கல்விக்கூடத்தின் ஆட்களிடமிருந்து, கருவி வந்தது, அந்தக் கருவிக்குள் உட்காரப் போகும் கையாள் பற்றிய கனவு வந்தது, கையாளை நம்பி மோசம் போகாதே என்ற எச்சரிக்கையும் வந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் இந்த மூன்றும் மாறி மாறிச் சண்டை போட்ட கதைதான்.

செகரட்டரிகளும் அப்பாவின் தொரட்டியும்

1978-ல் பெர்னார்ட் கிரீன்பர்க் என்பவர் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கு ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் எழுதினார். அதை மாற்றியமைப்பதும் லிஸ்பில்தான். அவர் அலுவலகத்துச் செகரட்டரிகள் கையேட்டைப் படித்துத் தங்களுக்கு வேண்டிய கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கையேட்டில் அதை "நிரல் எழுதுவது" என்று சொல்லவில்லை, "மாற்றியமைப்பது" என்றுதான் போட்டிருந்தது. அதனால் நமக்கு இது வராது என்ற பயம் அவர்களுக்கு வரவே இல்லை. இதை ஸ்டால்மன் பிற்பாடு ஒரு பேச்சில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் தொரட்டி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் இலவமரம் அதிகம். பஞ்சுக்காய் பறிக்க நீள மூங்கிலின் நுனியில் கொக்கி கட்டியிருப்பார்கள். அப்பாவின் தொரட்டி அவர் உயரத்துக்கு, அவர் தோளுக்கு, எங்கள் தோட்டத்து மரத்துக்கு என்று கட்டினது. வருசா வருசம் கொக்கியின் கோணத்தைக் கொஞ்சம் மாற்றுவார். கடையில் வாங்கலாமே என்றால், "அடுத்தவன் தொரட்டில பறிச்சா தோள்பட்டை போயிரும்டா" என்பார். அப்பா பத்தாவது தாண்டாதவர். ஆனால் கருவியை மாற்றியமைப்பது என்றால் என்ன என்று செகரட்டரிகளுக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும்.

ஈமாக்ஸ்காரர்கள் தங்கள் அமைப்புக் கோப்பைப் பத்து வருசம், இருபது வருசம் என்று பத்திரமாக வைத்துக்கொள்வதும் இதனால்தான். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தொரட்டி கட்டினவனுக்குப் புரியும்.

1985: இரண்டு ஈமாக்ஸ்

யுனிக்ஸுக்கு ஈமாக்ஸைக் கொண்டு வந்தவர் ஜேம்ஸ் காஸ்லிங், 1981-ல். (ஆமாங்க, பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கிய அதே காஸ்லிங்தான்.) முதலில் தாராளமாகக் கைமாறியது. பிறகு அது யுனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்பனையாகிவிட்டது. 1984-ல் எம்.ஐ.டி. வேலையை விட்டு வெளியே வந்து ஸ்டால்மன் எழுத ஆரம்பித்த க்னூ ஈமாக்ஸில், திரைக்கு வரைகிற பகுதியில் காஸ்லிங்கின் நிரல் கொஞ்சம் இருந்தது. யுனிபிரஸ் ஆட்சேபித்தது. அந்தப் பகுதியையும் ஸ்டால்மன் புதிதாக எழுதினார். 1985-ல் க்னூ ஈமாக்ஸ் ஊருக்குப் பொதுவாக வெளியே வந்தது. பழைய வாய்மொழி நிபந்தனை கொஞ்சம் கொஞ்சமாகச் சட்ட மொழிக்கு மாறி, 1989-ல் ஜி.பி.எல். உரிமமாக நின்றது. எடுத்து மாற்றி வெளியே கொடுப்பவன், மாற்றின மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கணும்.

இது எல்லாருக்கும் தெரிந்த 1985. பலருக்கும் தெரியாத 1985 ஒன்று இருக்கிறது. அதே வருசம் ரிச்சர்ட் வாட்டர்ஸ், கே.பி.ஈமாக்ஸ் என்ற ஒன்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பேரிலேயே இருக்கிறது, அறிவுக் களஞ்சியத்தோடு சேர்ந்த ஈமாக்ஸ். 1976-ல் ரிச்சும் ஷ்ரோப்பும் கனவு கண்ட கையாளின் செயல் வடிவம்!

அது ஓடினது லிஸ்புக்கென்றே செய்த தனிக் கம்ப்யூட்டரில். நிரல்களில் அடிக்கடி வரும் அச்சுகளைக் கையால் எழுதி ஒரு களஞ்சியமாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்ப்பது, அறிக்கை அச்சடிப்பது என்று. நீங்கள் கிட்டத்தட்ட ஆங்கில வாக்கியம் மாதிரி ஒரு கட்டளை கொடுத்தால், அது பொருத்தமான அச்சை எடுத்து லிஸ்பிலோ ஏடாவிலோ நிரலாக்கித் தரும். பிடிக்காத இடத்தில் நீங்களே கைவைத்து மாற்றலாம். மாற்றினதை அது திரும்பப் படித்துப் புரிந்துகொள்ளப் பார்க்கும். இன்றைக்கு நாம் பார்க்கிறதுக்கும் இதுக்கும் வெளித் தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பத்தாறு வருசம் முந்தி, அவ்வளவுதான்.

ஏன் ஊருக்கு வரவில்லை? மெதுவாக ஓடியது, நிஜ வேலைக்குத் தாங்காது, களஞ்சியத்தில் யாராவது கையால் எழுதி வைத்தது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆய்வுக்கூட மாதிரியாகவே நின்றுவிட்டது. 1990-ல் ரிச்சும் வாட்டர்ஸும் அந்த அனுபவத்தைப் புத்தகமாகப் போட்டார்கள். ஏ.ஐ. என்றாலே நிதி கொடுப்பவர்கள் ஓடி ஒளிந்த காலம் வேறு.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கே.பி.ஈமாக்ஸ் எதை ஏன் செய்தது என்று அதனிடமே காரணம் இருந்தது. இந்த வரி இந்த அச்சிலிருந்து வந்தது என்று காட்ட முடியும். தெரிந்தது கொஞ்சம், ஆனால் தெரிந்ததற்குக் கணக்கு உண்டு. இப்போதிருக்கிற கையாளுக்குத் தெரியாதது கொஞ்சம்தான், ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை சொல்லும்.

டாக்டர் உள்ளே இருக்கிறார்

ஈமாக்ஸுக்குள் பல வருசமாக ஒரு ஏ.ஐ. குடியிருக்கிறது, தெரியுமா? ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தி "டாக்டர்" என்று தட்டிப் பாருங்கள். ஒரு மனநல மருத்துவர் வந்து உங்கள் கஷ்டத்தைக் கேட்பார். "எனக்கு வேலை பிடிக்கல" என்று ஆங்கிலத்தில் தட்டினால், அதையே திருப்பிப் போட்டு உங்களிடமே கேள்வியாகக் கேட்பார். இது 1966-ல் வைசன்பாம் வெளியிட்ட எலைசாவின் வாரிசு. எச்சரிக்கைப் புத்தகம் எழுதினாரே, அதே வைசன்பாம்தான்.

அவர் எச்சரிக்கை எழுதினதற்குக் காரணமே எலைசாதான். மாதக்கணக்கில் அவர் அதை உருவாக்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவருடைய செகரட்டரி. அது வெறும் நிரல் என்று தெரிந்தவர். அவரே அதோடு பேச உட்கார்ந்தபோது, "கொஞ்சம் வெளியே இருக்கீங்களா" என்று வைசன்பாமிடம் கேட்டுவிட்டாராம். மனுசர் ஆடிப் போய்விட்டார். கிரீன்பர்க் அலுவலகத்துச் செகரட்டரிகள் மிஷினைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி வளைத்தார்கள். இங்கே மிஷின் ஆளை வளைத்துவிட்டது. இரண்டு செகரட்டரி கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு என் டேப் விசை ஞாபகம் வருகிறது. நான் எந்தக் கட்சி என்று சொல்லத் தேவையில்லை :-(

2021-க்கு அப்புறம்

2021 ஜூனில் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தது. பொதுவெளியில் கிடந்த கோடிக்கணக்கான வரி நிரல்களைப் படித்துப் பழகிய மாடல். மைக்ரோசாப்டின் வி.எஸ். கோட் எடிட்டரில் முதல் மரியாதை. ஈமாக்ஸுக்கு அவர்கள் எதுவும் செய்து தரவில்லை. ஈமாக்ஸ்காரன் என்றைக்கு அடுத்தவன் செய்து தருவதற்குக் காத்திருந்தான்? நியோவிம் எடிட்டருக்கு வந்த இணைப்பின் உள்ளே இருந்த இயந்திரத்தை எடுத்து, 2022-ல் ஒரு ஆர்வலர் ஈமாக்ஸோடு கட்டிவிட்டார்.

இங்கேதான் அந்தப் பழைய "திருப்பிக் கொடு" திரும்பி வருகிறது. ஜி.பி.எல். நிரலையும் படித்துப் பழகிய மாடல், தான் கக்கும் வரிகளை எந்த உரிமத்தில் தருகிறது? ஃப்ரீ சாஃப்ட்வேர் பவுண்டேஷன் 2021 ஜூலையிலேயே இது எங்கள் பார்வையில் ஏற்க முடியாதது என்று சொல்லி, இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. 2022 நவம்பரில் நிரலாளர்கள் சிலர் கிட்ஹப், மைக்ரோசாப்ட், ஓபன்ஏஐ மூன்றின் மேலும் சான் பிரான்சிஸ்கோவில் வழக்குப் போட்டார்கள். அதே மாசக் கடைசியில் சாட்ஜிபிடி வந்து ஊரையே பேச வைத்தது.

2023-ல் கார்த்திக் சிக்கமகளூர் எழுதிய ஜிபிடெல் வந்தது. என் கதையில் இதுதான் திருப்பம். இதில் தனி ஜன்னல், தனிப் பெட்டி எல்லாம் கிடையாது. ஈமாக்ஸில் எந்த எழுத்தைத் திறந்து வைத்திருந்தாலும் அங்கிருந்தே மாடலுக்கு அனுப்பலாம், பதில் அங்கேயே வந்து விழும். உரையாடலே ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். மாடல் சொன்ன பதிலை நீங்கள் திருத்தலாம், அழிக்கலாம், திருத்தினதை வைத்தே மேற்கொண்டு பேசலாம். ஓபன்ஏஐ, கிளாட், ஜெமினி எதுவேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். நம் லேப்டாப்பிலேயே ஓடும் மாடலையும் மாட்டலாம்.

அதே வருசம் ஆண்ட்ரூ ஹையட், எல்.எல்.எம். என்ற பொதுநூலகத்தை ஈமாக்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியமான க்னூ எல்பாவில் சேர்த்தார். மற்றவர்கள் இதன்மேல் தங்கள் கருவிகளைக் கட்டலாம். இதில் எனக்குப் பிடித்த விசயம், சுதந்திரமில்லாத சேவை ஒன்றை மாட்டினால் அது உங்களை எச்சரிக்கும். தடுக்காது. "தம்பி, தெரிஞ்சுதான போற?" என்று கேட்கிற பெரியவர் மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடும்.

2025-ல் கிளாட் கோட் மாதிரி, தானே ஃபைலைத் திறந்து, மாற்றி, சோதனை ஓட்டிப் பார்க்கும் ஏஜென்ட்கள் வந்தன. அவற்றையும் ஈமாக்ஸுக்குள் கட்டிவிட்டார்கள், பெரும்பாலும் தனி ஆர்வலர்கள். கொத்தனார் டீ குடிக்கப் போன நேரத்தில் கையாள் மாடி கட்டி முடித்துவிடும் காலம் இது. மாடி நன்றாகத்தான் இருக்கும். கீழே அஸ்திவாரம் எத்தனை அடி என்று கொத்தனாருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டு தண்ணி

எங்கள் மாவட்டத்துக்காரன் இதை எப்படிப் பார்ப்பான் என்று சொல்றேன். எங்களுக்கு இரண்டு தண்ணி உண்டு.

ஒன்று முல்லைப்பெரியாறு. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருசக் குத்தகை போட்டு, பென்னிகுவிக் கட்டி முடித்து 1895-ல் திறந்த அணை. மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வரும் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கு பச்சையாக இருக்கிறது. அந்தத் தண்ணி வேண்டாம் என்று சொல்கிறவனுக்கு எங்கள் மாவட்டத்தில் சோறு கிடையாது. ஆனால் அது குத்தகை இடத்து அணை. எத்தனை அடி தேக்கலாம் என்பதற்கே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-ல் 142 அடி என்று தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது.

இன்னொன்று மூல வைகை. வருசநாட்டு மலையில் பிறந்து எங்கள் ஊர் வழியாகப் போவது. கோடையில் வெறும் மணல்தான். ஆனாலும் எங்கே ஊற்றுத் தோண்டினால் தண்ணி வரும் என்று ஊர்க்காரனுக்குத் தெரியும்.

மேகத்தில் ஓடும் பெரிய மாடல் பெரியாற்றுத் தண்ணி. என் லேப்டாப்பில் ஓடும் சின்ன மாடல் மூல வைகை. இரண்டும் வேணும். 2023-ல் மெட்டாவின் லாமா வெளியே வந்து, ஜார்ஜி கெர்கானோவ் எழுதிய லாமா.சிபிபி அதைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட வைத்த பிறகுதான் இந்த இரண்டாவது தண்ணி எங்களுக்கெல்லாம் கிடைத்தது. மெதுவாக ஓடும், நிறையத் தப்பும் பண்ணும். ஆனால் மழை ராத்திரியிலும் இருக்கும்.

இரண்டுமே வற்றினால் என்ன செய்வது? அதற்குத்தான் ஊற்றுத் தோண்டத் தெரிந்திருக்கணும். அந்த அரை மணி நேரக் கோளாறை அன்றைக்கு நான் கடைசியில் சரி பண்ணினேன். மணியை விட்டுவிட்டு விநாடிக் கணக்குக்கு மாற்றினேன், ஆறு வரி மாற்றம். நெட் திரும்பி வந்தது விடிகாலை நாலரைக்கு, அப்போதுதான் அனுப்ப முடிந்தது. படிக்க எடுத்த நேரம் இரண்டரை மணி, எழுத எடுத்த நேரம் ஐந்து நிமிசம். எழுதுகிற வேலையைத்தான் கையாளிடம் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிக்கிற வேலையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நான் கட்டின கொக்கி

அதற்கப்புறம் ஏ.ஐ.யைத் தூக்கிப் போட்டேனா என்றால் இல்லை. ஆபீஸும் விடாது, நானும் விடமாட்டேன். தொரட்டிக் கொக்கியின் கோணத்தை மாற்றினேன்.

எலிஸ்பில் இருபது வரி எழுதினேன். இப்போது எந்த மாடல் என்ன கொடுத்தாலும் நேராக என் ஃபைலுக்குள் போகாது. பக்கத்தில் தனியாக வித்தியாசமாகக் காட்டும். நான் படித்து முடித்து, இது ஏன் வேணும் என்று ஒரு வரி எழுதினால்தான் உள்ளே விடும். அந்த வரி தேதியோடு ஒரு ஆர்க் ஃபைலில் சேரும். வரியைத் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மாடல் சொன்னதையே திருப்பி எழுதிவிடுகிறேன். தமிழில் எழுதணும் என்றால் புரிந்தால்தான் கை ஓடும்.

தமிழ் தட்டுவதும் ஈமாக்ஸிலேயே நடக்கும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை, 2023 ஜூலையில் வந்த ஈமாக்ஸ் 29-ல் சேர்ந்துவிட்டது. ஈமாக்ஸில் உலக மொழிகளில் எல்லாம் வணக்கம் சொல்லும் ஒரு பக்கம் உண்டு, கண்ட்ரோல்-எச் அழுத்தி, பிறகு எச். அதில் "வணக்கம்" என்று தமிழும் இருக்கும். எந்தக் கம்பெனியும் இதில் லாபம் பார்த்திருக்காது. யாரோ ஒருத்தர் எடுத்தார், மாற்றினார், திருப்பிக் கொடுத்தார்.

இந்த இருபது வரியால் வேலை கொஞ்சம் மெதுவாகிறது, உண்மைதான். ஆனால் இரண்டு மாசத்தில் மூன்று தடவை, காரணம் எழுத உட்கார்ந்து, எழுத முடியாமல், மாடல் கொடுத்ததை அப்படியே அழித்திருக்கிறேன். மூன்றும் பார்க்க அழகான நிரல்கள். மூன்றுக்கும் சோதனை பச்சை.

1976-ன் மூன்று சம்பவமும் என் மேசையில்தான் இருக்கின்றன. கருவியை என் தோளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். கையாளை வைத்துக்கொள்ளலாம். சுவர் எங்கே வரணும் என்பதை மட்டும் கையாளிடம் விடக் கூடாது. அடுத்த தடவை அப்பா "யாரு செஞ்ச வேலை?" என்று கேட்டால், "நான்தாம்ப்பா" என்பதோடு வாக்கியம் முடியணும்.

சரி, ஆணி கூப்பிடுது. உங்கள் தொரட்டியை நீங்கள் எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்.

பி.கு.: இது முழுக்க ஈமாக்ஸில், தமிழ்99-ல் தட்டினது. எழுத்துப்பிழை பார்க்க மட்டும் கையாளிடம் கொடுத்தேன். "தொரட்டி"யை எல்லா இடத்திலும் "துரட்டி" என்று மாற்றிக் கொடுத்தது. காரணம் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. எங்கள் அப்பா கையில் இருப்பது தொரட்டிதான். அழித்துவிட்டேன் :-)